ஆச்சு என்று சொல்லும்வரை

கோழிக்கு ஊசி போடுகிறவனுக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவனுடைய கூட்டாளிகளே முதலில் நம்பவில்லை. பண்ணை பண்ணையாகப் போய்க் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிற கூட்டத்தில் அவன்தான் தலைக்கை, முதல் ஆள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊசிக்காரன் என்றால் தெருவுக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவன் பல் பிடுங்கப் போன இடத்தில், மரத்துப்போக ஊசி போட வேண்டும் என்றதும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிட்டான். வீங்கிய கன்னத்தோடு ஒரு வாரம் கஞ்சி குடித்தான். பண்ணைக்கு வேனில் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வராது.

அவள் அதே கூட்டத்தில் பிடிக்காரி. கோழிக்கு ஊசி போட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் கூண்டிலிருந்து கோழியை எடுத்து, இரண்டு இறக்கைகளையும் அடிப்பக்கம் சேர்த்துப் பிடித்து, காலை இழுத்துத் தொடைச் சதையைக் காட்ட வேண்டும். இன்னொருத்தர் குத்த வேண்டும். குத்துகிறவன் கழுத்தில் மருந்துப் பாட்டில் தொங்கும். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், எண்ணெயில் கலந்தது. குத்தி எடுத்ததும் அவன் "ஆச்சு" என்பான். அதுவரைக்கும் பிடியைத் தளர்த்தக் கூடாது. கண்ணில் தூசி விழுந்தாலும் சரி, கோழி மூஞ்சியில் எச்சமிட்டாலும் சரி, ஆச்சு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தால் ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று மழை சொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் வந்த நாட்களிலும் அந்த ஒரு சொல் மட்டும் தப்பாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தச் சொல் வருவதற்கு முன்பே கோழி திமிறிவிட்டது. ஊசி கோழியின் தொடையை உரசிக்கொண்டு வந்து அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது. எண்ணெய் மருந்து மனிதச் சதைக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் அந்த இடத்தைக் கீறி, கழுவி, தைத்து அனுப்பினார்கள். கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதம். அடுத்த மாதம் அது கலைந்துபோனது.

ஏன் கலைந்தது என்று டாக்டர் காரணம் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேரும் மறுபடி வேனில் ஏறினார்கள், மறுபடி ஆச்சு, ஆச்சு என்றார்கள். இத்தனை நாள் கழித்து இப்போதுதான் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். ஏழாவது மாதம். நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே அவள் பண்ணைக்குப் போவதை அவன் நிறுத்திவிட்டான். இப்போது அவனுக்குப் பிடித்துக்கொடுப்பவன் நெட்டையன் என்று ஒருவன். அவன் கோழியைப் பிடிக்கிற லட்சணத்துக்குக் கோழியே சிரிக்கும் என்று ஊசிக்காரன் தினமும் வந்து புலம்புவான்.

அந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. விட்டு விட்டு மழை. துணி காய்வதே இல்லை. தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் இருமல் கேட்டது. முதலில் சாதாரணச் சளி என்றார்கள். பிறகு பேப்பரில் ஃப்ளூ என்று வந்தது. தெருமுனைத் தையல்காரர், அது பணக்காரர்களுக்கு வருகிற காய்ச்சல், நம்மை மாதிரி ஆட்களை எட்டிக்கூடப் பார்க்காது என்று மிஷினை மிதித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். அடுத்த வாரம் அவர் கடை பூட்டிக் கிடந்தது.

அதற்குள் எதிர்வீட்டில் அது நடந்துவிட்டது. எதிர்வீட்டு லாரி டிரைவரின் மனைவிக்கு இவளைவிட ஒரு மாதம் முந்திய வயிறு. மத்தியானத்தில் இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து, யாருடைய கால் அதிகம் வீங்கியிருக்கிறது என்று காலை நீட்டிப் பந்தயம் வைப்பார்கள். ஒரு சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் உட்கார்ந்தபடியேதான் போனாள். போகும்போது, கொடியில் துணி கிடக்கிறது, மழை வந்தால் எடுத்து வை, இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று இவளிடம் கையாட்டிச் சொன்னாள். பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். அது கண்ணாடிப் பெட்டிக்குள் பிழைத்துக் கிடக்கிறது என்றார்கள். தாய் பிழைக்கவில்லை. இவள் எடுத்து மடித்து வைத்த துணிகள் இன்னும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. அவற்றை யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக வந்தாள். மூக்கையும் வாயையும் மூடிய துணிக்கு மேலே தூக்கமில்லாத கண்கள் மட்டும் தெரிந்தன. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் கண்டிப்பாக ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், காலையில் வந்தால் போட்டுவிடலாம், யோசித்து யோசித்து நாளைக் கடத்தாதீர்கள் என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் இவள். இந்தப் பதிலை அன்றைக்கு எத்தனையாவது முறையாகக் கேட்டாளோ, நர்ஸ் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஊசிக்காரன் அன்று வந்து, பின்பக்கம் குளித்து, பண்ணை உடுப்பைத் தனியே ஊறப்போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். தட்டிலிருந்து அவன் கை எழும்பவில்லை.

"முட்டை வைக்கிற கோழிக்கு நடுவுல ஊசி போடுவோமா? நீயே சொல்லு," என்றான்.

"நான் என்ன கோழியா?"

"உடம்புன்னா எல்லாம் உடம்புதான். அந்தப் புது மேனேஜர் பேச்சைக் கேட்டு ஒரு தடவை போட்டோமே, அந்த ஷெட்டு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. முட்டை பாதியாகக் குறைந்தது. விழுந்ததிலும் பாதி தோல்முட்டை. ஓடே இல்லாமல், நனைந்த காகிதம் மாதிரி ஒரு சவ்வு, அதற்குள் மஞ்சள் அங்குமிங்கும் ஓடும். எடுத்தால் உள்ளங்கையிலேயே உடைந்து ஒழுகும். கூடை கூடையாக அவற்றைக் குழியில் கொட்டியவள் அவள்தான். இப்போது அது ஞாபகம் வந்ததும் கை தானாக வயிற்றின்மேல் போனது.

இருந்தாலும் விடவில்லை. "தாய்க்கோழிப் பண்ணையில போடுறோமே. தாய்க்குப் போட்டா குஞ்சு பொரிக்கும்போதே அதுக்கும் தெம்பு வரும்னு நீங்கதானே நெட்டையனுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அது முட்டை வைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஆரம்பிச்ச பிறகு இல்ல."

அந்தத் தொழிலில் அதுதான் சட்டம். பன்னிரண்டு வருஷமாக ஊசியோடு புழங்குகிறவன் சொல்கிறான். அவளும் அதே ஷெட்டுகளில்தான் வளர்ந்தாள். நர்ஸ் சொன்னதை நம்ப மனசு துடித்தது, ஆனால் கையில் ஒழுகிய தோல்முட்டையும் பொய்யில்லையே. போட்டுக்கொண்டாலும் பயம், போட்டுக்கொள்ளாவிட்டாலும் பயம். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி உண்டு, அவளுடைய நாத்தனார். ஊசிக்காரனுக்கு அக்கா. கல்யாணம் ஆகி, சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். முட்டை தரம் பிரிக்கிற அறையில் வேலை. கீழே விளக்கு எரியும், முட்டைகள் அதன்மேல் உருண்டு போகும், கீறல் உள்ளதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்க வேண்டும். அவளுடைய கண்ணுக்குத் தப்பிய கீறல் கிடையாது. வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. புதுப் பாத்திரம் வாங்கி வந்தால் அடியில் ஒடுக்கு இருப்பதை அவள்தான் முதலில் சொல்வாள். வாய்தான் கத்தரிக்கோல், மனசு வெண்ணெய். தம்பி மனைவிக்குத் தினமும் தலைவாரி விடுவது அவள்தான்.

ஊசிப் பேச்சு வந்த அன்று அவள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நடுமத்தியானத்தில், வேலை முடிகிற நேரத்துக்கு வெகுமுன்பே, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் நடந்து வந்தாள் நாத்தனார். வாசலுக்கு வந்தவள் உள்ளே வரவில்லை. மழையிலேயே நின்றாள்.

"அண்ணி, என்ன அங்கயே நிக்கிறீங்க? நனையுறீங்க," என்று இவள் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"கிட்ட வராத. எனக்குக் காய்ச்சல். நீ அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோ. அப்புறம்தான் நான் உள்ள வருவேன்."

இவள் பின்பக்கமாகவே நகர்ந்து அடுப்படிக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று ராத்திரி ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். காலையில்தான் அண்ணி தலைவாரி விட்டிருக்கிறாள், மூச்சு பிடரியில் படுகிற அளவுக்கு அருகில் உட்கார்ந்து. இவள் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே என்ன தெரியப்போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜில்லென்ற தண்ணீர் முதுகில் ஓடியது.

இருப்பதே ஓர் அறையும் அடுப்படியும். ஊசிக்காரன் வந்து விவரத்தைக் கேட்டான். பிறகு அறையின் குறுக்கே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டான். அக்காவுக்கு ஜன்னல் பக்கம். மனைவிக்கு அடுப்படியில் பாய். அவன் நடுவில் வாசற்படியில். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனித்தனி. இதெல்லாம் அவனுக்குப் புதிதில்லை, நோய்க்கோழியைப் பிரித்து வைக்கிற முறைதான். கை பழக்கத்தில் வேலை செய்தது, முகம்தான் வெளுத்துப்போயிருந்தது.

"இப்பவாவது ஊசி போட்டுக்கட்டுமாங்க?" என்று அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"நோய் நுழைஞ்ச ஷெட்டுல ஊசி போடக் கூடாது," என்றான் அவன். குரல் பிசிறியது. "உள்ள இருந்தா ஊசி அதைக் கிளப்பிவிட்டுடும். கோழி ரெண்டே நாளுல படுத்துடும்."

அதுவும் அந்தத் தொழிலின் சட்டம்தான். நோய்க்கு முன்னால் போடக் கூடாது, நோய் வந்த பின்னாலும் போடக் கூடாது. அப்படியென்றால் எப்போதுதான் போடுவது என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் தொண்டை வலிக்கும், வலித்தால் அது எந்த வலி என்று சந்தேகம் வரும்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. கோழிகளுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று பார்க்க, சாயங்காலம் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு ஷெட்டின் நடுவில் அசையாமல் நிற்பார்கள். இருட்டியதும் கோழிகள் அடங்கும். அப்போது காதைக் கொடுத்தால் ஏதாவது ஒரு மூலையில் சின்னதாகச் செருமுகிற சத்தம் கேட்கும். முதல் நாள் ஒன்று. மறுநாள் ஷெட்டு முழுக்க. அந்த முதல் சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி என்று மேனேஜர்களே சொல்வார்கள். இப்போது அடுப்படியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு அந்தக் காதுதான் எதிரியாகிவிட்டது. ஜன்னல் பக்கத்தில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் பிறகு மூச்சு எப்படி இழுக்கிறது என்று கேட்டது. வாசற்படியில் புருஷன் தொண்டையைச் செருமினால் இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் தொண்டையில் எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா என்று விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். விழுங்கியே தொண்டை வலித்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டால் ஆறுதல், புரளாவிட்டால் பயம். எதிர்வீட்டுக்காரி ஆம்புலன்ஸில் கையாட்டியது கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. அண்ணிக்குக் காய்ச்சல் குறையவில்லை, ஆனால் மூச்சு வாங்கவில்லை. ஊசிக்காரன் போர்வைக்குக் கீழே கஞ்சியைத் தள்ளினான். தெருவில் கூட்டத்து வேன் வந்து ஹாரன் அடித்தது. வீட்டில் காய்ச்சல், இன்றைக்கு வரவில்லை என்று அவன் வாசலிலிருந்தே கையாட்டினான். வேனுக்குள் இருந்தவர்கள் அவசர அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவன் திரும்பியபோது அவள் அடுப்படி வாசலில் நின்றாள். தலையை இறுக முடிந்து, முகத்தில் துணி கட்டி, கையில் பையோடு நின்றாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு இன்னும் காய்ச்சல் இல்ல. வந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"வேணாம்."

"அண்ணிக்கும் மருந்து கேக்கணும். வழிய விடுங்க."

அவன் வழியை விடவில்லை. கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றான். அவன் கோபப்படுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். பார்த்தால் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

போர்வைக்குப் பின்னாலிருந்து நாத்தனாரின் கட்டிப்போன குரல் வந்தது. "டேய். அந்தக் கை விஷயத்தை அவகிட்டச் சொல்லிடு. வருஷக்கணக்கா என்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்?"

"என்ன கை விஷயம்?" என்றாள் இவள்.

அவன் அவளுடைய கட்டைவிரலையே பார்த்தான்.

"போன தடவை அந்தப் பிள்ளை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "என் ஊசிதான் அதைக் கொன்னுச்சு. உன் கையில இறங்கினது அதுக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. தினமும் ஊசியைக் கையில எடுக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம். மறுபடி ஒரு ஊசி உன் உடம்புல இறங்குறதை என்னால பாக்க முடியாது. கோழி, முட்டை எல்லாம் நான் சொன்ன சாக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு, இவ்வளவு காலமும் பல் பிடுங்கப் போன கதையைச் சொல்லிச் சிரித்தோமே என்று நெஞ்சு எரிந்தது. அதைவிட ஒன்று உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தாள்.

"கோழி திமிறலைங்க," என்றாள். "நான்தான் விட்டேன். அன்னைக்குத் தலை சுத்துச்சு. நீங்க ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடியே என் கை தளர்ந்துடுச்சு. கோழி திமிறிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் கை தளராம இருந்திருந்தா..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவன் கதவிலிருந்து கையை எடுத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போர்வைக்குப் பின்னால் நீளமாக ஓர் இருமல் எழுந்து அடங்கியது.

"அழுது முடிச்சாச்சுன்னா கிளம்புங்க," என்றாள் நாத்தனார். "ரெண்டு பேரும் போங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

சுகாதார நிலையத்தில் காய்ச்சல்காரர்களுக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு ஒரு வாசல். மற்றவர்கள் வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். நடுவில் இடைவெளி விட்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். யாராவது இருமினால் பெஞ்சு முழுக்கத் தலை திரும்பும். இருமினவர் புரையேறிவிட்டது என்று சத்தியம் செய்வார். சுவரில் சிரிக்கிற குழந்தையின் படம் ஒன்று ஈரத்தில் உரிந்து தொங்கியது. ஊசிக்காரன் உட்காரவே இல்லை. உள்ளேயிருந்து டெட்டால் வாசனை வரும்போதெல்லாம் சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான்.

முறை வந்தபோது, அன்றைக்கு வீட்டுக்கு வந்த அதே நர்ஸ்தான் இருந்தாள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, வெப்பம் பார்த்தாள். எதுவும் இல்லை. வீட்டில் நாத்தனாருக்குக் காய்ச்சல் என்றதும் நிமிர்ந்தாள். அப்படியென்றால் ஊசியோடு டாக்டரையும் இன்றைக்கே பார்த்து மாத்திரை கேட்க வேண்டும், ஊசி பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை தள்ளியே இருக்க வேண்டும், காய்ச்சல் லேசாக அடித்தாலும் மூச்சு முட்டினாலும் உடனே ஓடி வர வேண்டும் என்று சொன்னாள். அந்த அம்மாளையும் அடுத்த வாசலுக்குக் கூட்டிவரச் சொன்னாள். ஊசி போட்டால் எதுவும் வராது என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். கோழி மருந்து இறங்கிய கதையையும், அதற்குப் பிறகு கலைந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"விரலைக் கெடுத்தது அந்த மருந்துதான்," என்றாள். "பிள்ளை போனதுக்கு அதைச் சொல்ல முடியாதும்மா. முதல் மாசங்கள்ல காரணமே இல்லாம நிறையப் பேருக்குக் கலைஞ்சுடுது. எனக்கே ஒண்ணு போச்சு. நான் எந்தக் கோழியையும் பிடிக்கல."

ஊசிக்காரன் சுவரிலிருந்து திரும்பி மெதுவாகக் கேட்டான். "இது எண்ணெய் மருந்தா?"

"இல்லங்க. உயிர் இல்லாத கிருமி. தண்ணி மருந்து. வயித்துப்பிள்ளைக்காரிகளுக்கு ரொம்ப வருஷமா போட்டுட்டு வர்றோம். அம்மாவுக்குப் போட்டா பொறக்குற பிள்ளைக்கும் சில மாசம் பாதுகாப்பு."

தாய்க்கோழி, என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் பக்கம் பார்த்தாள். அவனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், லேசாகத் தலையை ஆட்டினான். ஆனாலும் அவன் முன்னால் வந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"முதல்ல எனக்குப் போடுங்க. புது மருந்து வந்தா நாலு கோழிக்குப் போட்டு ஒரு நாள் வெச்சுப் பாப்போம். அது மாதிரி நான் நாளைக்கு எப்படி இருக்கேன்னு பாத்துட்டு இவளுக்குப் போடலாம்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் இருக்கிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் கோழியோடு புழங்குகிறவர் என்றால் அவசியம் போட வேண்டும் என்று சொல்லி மருந்தை எடுத்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் ஊசியை வாங்கிக்கொண்டான். எழுந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. பஞ்சைத் தோளில் அழுத்திக்கொண்டு, நாளைக்கு வரலாம் என்று அவளைப் பார்த்தான்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு நாள் கிடையாதுங்க," என்றாள். "வீட்டுல இருமுது."

அவன் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். நர்ஸ் அவளுடைய இடது கையைப் பிடித்துத் தோளில் துடைத்தாள். அந்த ஈரம் பட்டதும் உடம்பு முழுக்க விறைத்தது. கூண்டிலிருந்து எடுக்கிற கோழி கையில் எப்படி விறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இறக்கைக்கு அடியில் அதன் நெஞ்சு அடிக்கிற வேகமும் தெரியும். அந்த அடி இப்போது தன் காதுக்குள் கேட்டது. வலது கையால் அவள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். மடங்காத கட்டைவிரலோடும் அது பழைய பிடிதான், எந்தக் கோழியும் தப்பாத பிடி.

"கையை இறுக்காதீங்கம்மா. தளர விடுங்க," என்றாள் நர்ஸ்.

அவளால் முடியவில்லை. பிடித்த கையைத் தளர்த்துவதுதான் அவளுக்கு உலகத்திலேயே கடினமான காரியம். ஒரு முறை தளர்ந்ததற்கு இத்தனை வருஷம் உள்ளுக்குள் தண்டனை அனுபவித்திருக்கிறாள். தளர விடும்மா, இறுக்கினால் வலிக்கும் என்று நர்ஸ் திரும்பச் சொன்னாள். அவள் மூச்சை இழுத்துவிட்டு இடது தோளை மட்டும் எப்படியோ தொங்கவிட்டாள். வலது கை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

சுருக்கென்று இருந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் பஞ்சை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வாசல் பக்கம் போனாள். வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். வயிற்றுக்குள் பிள்ளை புரளவில்லை. அவள் கண்ணைத் திறக்காமல், பிடித்த மணிக்கட்டை விடாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் உடம்பில் ஊசி இறங்குவதைப் பார்க்க முடியாதவன் கடைசிவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் குனிந்து அவளுடைய காதருகில் வந்தான். ஷெட்டில் கேட்கிற அதே குரல்தான்.

"ஆச்சு," என்றான்.

அவள் கையை விட்டாள்.